யாங் குவோசோங்: மச்சான் முறையில் நுழைந்து தலைமை அமைச்சர் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாங் காலச் சீனாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாங் குவெய்ஃபெய் பெயர் வந்துவிடும். அவர் பெயர் வந்தால் அடுத்து "அந்த அண்ணன்காரர்" வருவார். அந்த அண்ணன்காரரின் அரசுப் பணி வாழ்க்கை பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். யாங் என்பது குடும்பம், குவோசோங் என்பது ஆள்.

யாரு இவர்? ரெண்டு வரியில சொல்லுங்க.

தாங் பேரரசர் சுவான்சோங்கின் கடைசித் தலைமை அமைச்சர்களில் ஒருவர். பேரரசரின் அன்புத் துணைவி யாங் குவெய்ஃபெய்யின் உறவினர். 745-இல் சிச்சுவானிலிருந்து தலைநகர் சாங்ஆனுக்கு வந்தார். ஏழே ஆண்டில் அரசாங்கம் அவர் கையில். 756 ஜூலை 15 அன்று மாவெய் என்ற அஞ்சல் நிலையத்தில், பேரரசரின் காவல் படையினராலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

குவெய்ஃபெய்யோட கூடப்பிறந்த அண்ணனா? அப்ப பேரரசருக்கு மச்சானா?

கூடப்பிறந்தவர் இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தா வழி வந்த பங்காளி. நம் ஊர் முறைப்படி பங்காளி வீட்டு அண்ணனும் அண்ணன்தான் என்பதால் பேரரசருக்கு மச்சான் என்று சொன்னால் தப்பாகாது. சீனர்களும் தந்தை வழி உறவை ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார்கள்.

ஒரு திருத்தம் மட்டும் தேவை. குவெய்ஃபெய் பேரரசி அல்ல. "குவெய்ஃபெய்" என்பதே அந்தப்புரப் பதவியின் பெயர், 745-இல் கொடுக்கப்பட்டது. சுவான்சோங் தன் பேரரசியை 724-இலேயே நீக்கிவிட்டு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். ஆகவே அரண்மனையில் குவெய்ஃபெய்க்கு மேல் இன்னொரு பெண் இல்லை, அவர் குடும்பத்துக்கு மேல் இன்னொரு பெண் வீட்டுக் குடும்பமும் இல்லை.

தாய் வழியிலும் இவருக்கு ஓர் அரண்மனைத் தொடர்பு உண்டு. சுவான்சோங்கின் பாட்டியான பேரரசி வூவின் அந்தரங்கத் தோழராக இருந்து 705-இல் கொல்லப்பட்ட சாங் யீசி இவருக்குத் தாய்மாமன். அந்த உறவால் பெருமை இல்லை, கெட்ட பெயர்தான்.

தங்கச்சி மேல போனதும் அண்ணனைக் கூப்பிட்டு வேலை போட்டுக் குடுத்தாங்க, அவ்வளவுதானே?

இல்லை. குவெய்ஃபெய் இவரைத் தேடவே இல்லை. அப்போது இவர் பெயர் யாங் சாவ். குடி, சூதாட்டம் என்று பெயர் கெட்டு, 30 வயதில் சிச்சுவானில் படையில் சேர்ந்து, சின்டு என்ற ஊரில் மாவட்டத் துணை அதிகாரியாக இருந்தார். ஒன்பது தரங்களில் ஒன்பதாம் தரப் பதவி அது. பதவிக்காலம் முடிந்தபின் ஊர் திரும்பக்கூடக் காசில்லை. சியான்யூ சோங்தோங் என்ற உள்ளூர்ச் செல்வந்தர்தான் கைகொடுத்தார்.

அனுப்பி வைத்தவர் சிச்சுவான் பகுதியின் படை ஆளுநர் சாங்சியூ ஜியான்சியோங். தலைநகரில் லி லின்ஃபு என்ற தலைமை அமைச்சர் தன்னைக் கவிழ்த்துவிடுவார் என்ற பயம் அவருக்கு. புதிதாக எழுந்துவரும் யாங் குடும்பத்திடம் ஒரு நூல் பிடிக்க ஆள் தேடினார். சியான்யூ தனக்குப் பதில் இவரைக் காட்டினார். "வழியில் பி என்ற ஊரில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்" என்றார் ஆளுநர். போய்ப் பார்த்தால் பத்தாயிரம் கோவை காசு மதிப்புள்ள சிச்சுவான் சரக்கு. கோவைக்கு ஆயிரம் காசு, ஆக ஒரு கோடிக் காசு. இவர் இரவு பகலாகப் பயணம் செய்து, குவெய்ஃபெய்யின் அக்காமார் வீடு வீடாகப் போய் "இது ஆளுநர் கொடுத்தது" என்று சொல்லிப் பங்கிட்டார். ஆளுநர் போட்ட முதல் வீண்போகவில்லை. அடுத்த ஆண்டே அந்த ஆளுநர் தலைநகரில் குடிக்கணக்கு, வருவாய்த் துறையின் அமைச்சரானார்.

அரண்மனைக்குள்ள எப்படி ஒட்டிக்கிட்டார்?

கணக்கால். சுவான்சோங்கும் யாங் சகோதரிகளும் சூபு என்ற பகடை ஆட்டம் ஆடுவார்கள். எறியும் கட்டைகள் விழும் விதத்துக்கு ஏற்பப் புள்ளிகள் மாறும், பந்தயமும் உண்டு, கூட்டிக் கழித்து எழுத ஒருவர் வேண்டும். அந்த வேலை இவருக்கு வந்தது. ஒரு புள்ளி பிசகாமல் எழுதியதைப் பார்த்த பேரரசர், "நல்ல கருவூலக் கணக்கன்!" என்றாராம். சூதாடிக் கெட்ட ஆளுக்கு அந்தச் சூதே வேலைக்கான தேர்வாகிவிட்டது. முதலில் காவல் படையில் எட்டாம் தரப் படைக்கல அலுவலர் பதவி, பிறகு கண்காணிப்பு அதிகாரி, அதன்பின் உண்மையிலேயே கருவூலப் பிரிவு.

அக்காமாரில் நடுவானவர், பின்னாளில் குவோகுவோ சீமாட்டி என்று பட்டம் பெற்றவர். அவருக்கும் இவருக்கும் சிச்சுவானிலேயே பழக்கம் இருந்தது. அரண்மனையில் யாருக்கு என்ன பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்ற செய்தி அந்த வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

தாங் ஆட்சியில தேர்வு எழுதித்தானே மேல வரணும்? இவர் எப்படித் தாவினார்?

தேர்வு ஒரு வழிதான், ஒரே வழி அல்ல. தாங் அதிகாரிகளின் தரவரிசை 9 தரங்கள், உட்பிரிவுகளோடு 30 படிகள். உடையே படியைச் சொல்லிவிடும்: 3-ஆம் தரம் வரை ஊதா, 4, 5 சிவப்பு, 6, 7 பச்சை, 8, 9 நீலம். ஒவ்வொரு பதவிக்காலம் முடிந்ததும் மதிப்பீடு, அப்புறம் காத்திருப்பு, அப்புறம் அடுத்த படி. இந்த ஏணியில் ஏழு ஆண்டில் ஒன்பதிலிருந்து மூன்றுக்கு ஏறுவது நடக்காத காரியம்.

ஆனால் ஏணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏற்பாடு இருந்தது. "ஷி" என்று பெயர். நம் அலுவலக மொழியில் "கூடுதல் பொறுப்பு" என்றால் பொருந்தும். வரி, நாணயம், தானியம், எல்லை என்று ஏதாவது ஒரு வேலை அவசரம் என்று பட்டால், பேரரசர் நேரடியாக ஒருவரை அதற்கு நியமிப்பார். இந்தப் பொறுப்புகளுக்குத் தரமே கிடையாது. ஆள் தன் பழைய பதவியின் தரத்திலேயே இருப்பார். அதிகாரம் மட்டும் பேரரசரிடமிருந்து வரும். வழக்கமான அமைச்சகங்களுக்கு அங்கே வாய் கிடையாது. உறவுக்காரர் என்ற தகுதி இவருக்கு அரண்மனை வாசலைத் திறந்தது. மேலே தூக்கியது இந்தக் கூடுதல் பொறுப்புகள்தான். யாங் வீட்டில் வேறு ஆண்களும் இருந்தார்கள். யாங் சி என்பவர் இளவரசியையே மணந்தார். அவர்கள் பட்டமும் மாளிகையும் பெற்றதோடு நின்றுவிட்டார்கள். கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிந்தவர் இவர் ஒருவரே.

40 பதவி வச்சிருந்தார்னு சொல்றாங்களே, நம்புற மாதிரி இருக்கா?

நம்பலாம், ஆனால் பதவி வேறு, மேலே சொன்ன கூடுதல் பொறுப்பு வேறு. 748-இல் ஓர் ஆண்டுக்குள்ளேயே 15-க்கு மேற்பட்ட பொறுப்புகள் இவரிடம் வந்தன. தலைமை அமைச்சரானபோது எண்ணிக்கை 40-ஐத் தாண்டியது. வரிவசூல், நாணய வார்ப்பு, இரு தலைநகரங்களின் கருவூல வரவு செலவு, அரண்மனைக்கான சந்தைக் கொள்முதல், வழிபாட்டுச் செலவு, விறகுக்கரி, சாங்சுன், ஜியூசெங் அரண்மனைகளின் மேற்பார்வை என்று போகும். தலைநகரிலேயே உட்கார்ந்துகொண்டு சிச்சுவானின் படை ஆளுநரும் இவரே.

எப்படிச் செய்தார் என்றால், செய்யவில்லை. கோப்பில் தன் ஒற்றை எழுத்தைப் போடுவதற்கே நேரம் போதவில்லை என்று வரலாறு சொல்கிறது. வேலை எல்லாம் எழுத்தர்கள் கைக்குப் போயிற்று. லஞ்சம் ஒளிவு மறைவின்றி நடந்தது.

இவர் போனபின்னும் இந்த முறை போகவில்லை. 758-இல் உப்பை அரசு ஏகபோகமாக்கியபோதும் அதை நடத்தியது ஒரு "ஷி"தான்.

749-ல கருவூலம் நிரம்பி வழிஞ்சதுன்னு பேரரசருக்குக் காட்டினாரே, அது பொய்க்கணக்கா?

பொய் இல்லை, இடமாற்றம். அதுவரை மாவட்டங்களில் வசூலான தானியத்தில் பெரும் பங்கு அந்தந்த ஊர்க் களஞ்சியத்திலேயே இருக்கும். பஞ்சம் வந்தால் திறப்பதற்கு. ஊர்க் களஞ்சியத்தில் இருப்பதை விற்று எடை குறைந்த சரக்காக, அதாவது பட்டாகவும் துணியாகவும், மாற்றித் தலைநகருக்கு அனுப்பச் சொன்னார் இவர். ஆள் வரியும் நில வரியும்கூடத் துணியாக மாறி வந்தன. மூட்டை மூட்டையாக தானியத்தை வண்டியில் இழுப்பதைவிட இது மலிவு என்பது உண்மைதான்.

749 தொடக்கத்தில் பேரரசர் அதிகாரிகள் புடைசூழ இடது கருவூலத்துக்கு வந்து, அடுக்கி வைத்த துணிக்கட்டுகளையும் காசுக் கோவைகளையும் பார்த்தார். இவருக்கு அங்கேயே ஊதா உடையும் தங்க மீன் பையும் பரிசு. மீன் பை என்பது அரண்மனை வாசலில் அடையாளம் காட்டும் மீன் வடிவச் சீட்டை வைக்கும் பை. ஊதாவுக்குத் தங்கம், சிவப்புக்கு வெள்ளி. இவர் அப்போது ஐந்தாம் தரம், முறைப்படி சிவப்புதான். அன்றிலிருந்து பேரரசர் கணக்கில்லாமல் வாரி வழங்கத் தொடங்கினார். ஊர்க் களஞ்சியங்கள் இளைத்ததை அந்தக் கூடத்தில் நின்று பார்க்க முடியாது.

பேரை ஏன் மாத்தினார்?

பழைய பெயரான சாவ் என்ற எழுத்தைப் பிரித்தால் "பொன்", "கத்தி" என்று இரண்டு வரும். அக்காலக் குறிசொல் ஏடுகளில் "பொன் கத்தி" ஆட்சி மாற்றத்தின் அடையாளம். வம்பு வேண்டாம் என்று 750-இல் வேறு பெயர் கேட்டார். பேரரசர் குவோசோங் என்று வைத்தார். "நாட்டுக்கு விசுவாசமானவர்" என்று பொருள். அதே ஆண்டில் தாய்மாமன் சாங் யீசியின் பெயரிலிருந்த குற்றத்தை நீக்கவும் மனுப் போட்டார்.

லி லின்ஃபுவுக்கு இவர் நண்பரா, எதிரியா? ரெண்டு மாதிரியும் படிச்சிருக்கேன்.

முதலில் கூலிக்காரர், பிறகு போட்டியாளர். 747 வாக்கில் லி லின்ஃபு தனக்குப் பிடிக்காதவர்களைச் சிறையில் தள்ளியபோது, அரண்மனைக்குள் தடையில்லாமல் போய்வரும் கண்காணிப்பு அதிகாரி என்பதால் இவரைப் பயன்படுத்திக்கொண்டார். இவரும் வேலை கற்றுக்கொண்டார். 750 வாக்கில் அதே கருவியை லி லின்ஃபுவின் ஆட்கள் மீதே திருப்பினார்.

திருப்புமுனை 752. வாங் ஹோங் என்ற இன்னொரு வருவாய் அதிகாரியிடமும் இருபதுக்கு மேற்பட்ட பொறுப்புகள் இருந்தன. அவர் தம்பி ஒரு கலகச் சதியில் மாட்ட, அண்ணனும் உயிரை விட்டார். அவர் வைத்திருந்தது அத்தனையும் இவருக்கு வந்தது. மிரண்டுபோன லி லின்ஃபு, தென்மேற்கு அண்டை அரசான நான்சாவின் எல்லையில் தொல்லை, ஆளுநர் நேரில் போகவேண்டும் என்று இவரைச் சிச்சுவானுக்குக் கிளப்பினார். குவெய்ஃபெய் அழுதார், "விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன், திரும்பி வந்ததும் அமைச்சர்" என்று பேரரசர் வாக்குக் கொடுத்து, சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார். அதற்குள் லி லின்ஃபு படுத்த படுக்கை. கட்டிலுக்குக் கீழே மண்டியிட்ட இவரிடம், "நான் செத்ததும் நீங்கள்தான் அமைச்சர், பின்னால் உள்ளதை உங்களிடம் விடுகிறேன்" என்று கண்ணீர் விட்டாராம் கிழவர். இவருக்கு முகமெல்லாம் வியர்வை. அடுத்த ஆண்டே லி லின்ஃபு மீது தேசத்துரோகம் சுமத்தி, சவப்பெட்டியை உடைத்து, பிணத்தின் வாயிலிருந்த முத்தையும் எடுக்க வைத்தார்.

அமைச்சரான வருஷம் 752-ஆ 753-ஆ? "வலது அமைச்சர்"னா என்ன?

சீன ஆண்டுக் கணக்கில் தியான்பாவ் (சுவான்சோங் தன் ஆட்சிக் காலத்துக்கு வைத்த பெயர்) 11, பதினோராம் மாதம். பெரும்பகுதி 752-இல் விழும் ஆண்டு என்பதால் 752 என்று எழுதுகிறார்கள். அந்த மாதக் கடைசி மேற்கத்திய நாட்காட்டியில் 753 ஜனவரி. இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன.

742-இல் பதவிப் பெயர்களை மாற்றியபோது ஆணை எழுதும் செயலகத்தின் தலைவர் "வலது அமைச்சர்" ஆனார், அதைச் சரிபார்க்கும் செயலகத்தின் தலைவர் "இடது அமைச்சர்". இவர் காலத்தில் வலதுதான் உண்மையான அதிகாரம். இடது அமைச்சராக இருந்த சென் சிலியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆள் நியமனத்துல என்ன குளறுபடி பண்ணினார்?

இவர் பணியாளர் துறை அமைச்சரும்கூட. நியமன வழக்கம் இப்படி: காலியிடத்துக்கு ஒருவர் பெயரை எழுதுவார்கள், கூட்டி அறிவிப்பார்கள், அவருக்கு ஒத்துவராவிட்டால் மறுபடி. மூன்று முறை எழுதி மூன்று முறை அறிவித்து, இடது செயலகத்தின் சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள். வசந்தத்தில் தொடங்கினால் கோடையில் முடியும். இவர் எழுத்தர்களை வீட்டுக்கு அழைத்துப் பட்டியலை ரகசியமாக முடித்தார். பிறகு இடது அமைச்சரையும் சரிபார்ப்பு அதிகாரிகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே நாளில் படித்தார். "சரிபார்க்க வேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்களே, அதுவும் முடிந்தது" என்றார். தப்புகள் மலிந்தன, யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் நடந்த இன்னொரு சுற்றில் அக்காதங்கைமார் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களின் தோற்றத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். காகிதத்தோடு அங்குமிங்கும் ஓடிய இரண்டு துணை அமைச்சர்களைக் காட்டி, "ஊதா போட்ட இந்த இரண்டு எழுத்தர்கள் எப்படி?" என்று கேட்டார் இவர்.

வேடிக்கை என்னவென்றால், வேலை கிடைக்காமல் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இவரைப் பிடித்திருந்தது. தகுதி பார்க்காமல் காத்திருப்பின் நீளத்தைப் பார்த்தே இடம் கொடுத்தார். சியான்யூ சோங்தோங் (மேலே வந்த அதே செல்வந்தர், இதற்குள் தலைநகரின் நகராளுநர்) அவர்களைத் தூண்டி அமைச்சக வாசலில் புகழ்க்கல்வெட்டு நிறுத்தினார். பேரரசர் சில எழுத்துகளைத் திருத்தினார். திருத்திய எழுத்துகளில் சியான்யூ தங்கம் நிரப்பினார்.

மகனுக்காகத் தேர்வுல தலையிட்டாரா?

மகன் யாங் சுவான் செவ்வியல் நூல் தேர்வில் தேறவில்லை. தேர்வை நடத்திய துணை அமைச்சர் தாசி சுன், சும்மா தோற்கடிக்கப் பயந்து, தன் மகனை அனுப்பித் தகவல் சொன்னார். "என் பிள்ளைக்குச் செல்வத்துக்கா குறை? எலிக்கூட்டம் வியாபாரம் பேச வந்துவிட்டது!" என்று குவோசோங் கத்திவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். சுவான் முதல் வரிசையில் தேறினார். சில ஆண்டுகளில் அவரும் துணை அமைச்சர், தன்னைத் தேறவைத்தவருக்குச் சமமான படியில். அப்போதும் தன் உயர்வு தாமதம் என்றே குறைபட்டுக்கொண்டார்.

நான்சாவ் போர்ல இவர் பங்கு என்ன?

தொடக்கம் உள்ளூர் அதிகாரியின் அத்துமீறல். அதனால் நான்சாவ் அரசர் கெலுவோஃபெங் 750-இல் எதிர்த்தார். 751-இல் சியான்யூ 80,000 பேரோடு போய் 60,000 பேரை இழந்தார். இவர் அதை வெற்றி என்று எழுதிப் பரிசும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த படைக்கு ஆள் சேர்க்கும்போது, அங்கே காய்ச்சலில் செத்துவிடுவோம் என்று யாரும் வரவில்லை. பிடித்துக் கட்டி இழுத்து வந்தார்கள். 754-இல் லி மி தலைமையில் 70,000 பேர். சோறில்லாமலும் நோயிலும் பெரும்பகுதி போய், மிச்சம் பின்வாங்கும்போது அழிந்தது. அதுவும் வெற்றியாகவே அரண்மனையை எட்டியது. இந்தப் போரில் முன்னும் பின்னுமாகச் செத்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர் என்று வரலாறு சொல்கிறது.

அதே ஆண்டு விடாமழை. பேரரசர் பயிரை நினைத்துக் கவலைப்பட, இவர் நல்ல கதிர்களாகப் பொறுக்கிக் கொண்டுபோய், "மழை அதிகம்தான், பயிருக்குச் சேதமில்லை" என்று காட்டினார். வெள்ளச் சேதத்தைத் தெரிவித்த மாவட்ட ஆளுநர் மீது விசாரணை வைத்தார். அதன்பின் யாரும் தெரிவிக்கவில்லை.

ஆன் லூஷான் கலகத்துக்கு இவர்தான் காரணமா?

முழுக் காரணம் இல்லை. வடக்கு எல்லைத் தளபதி ஆன் லூஷானிடம் மூன்று எல்லைப் பகுதிகளின் படை சேர்ந்தது லி லின்ஃபு காலத்திலேயே. ஆனால் நேரம் குறித்ததில் இவருக்குப் பங்குண்டு. "அவன் கிளம்புவான்" என்று சொல்லிச் சொல்லிப் பேரரசர் நம்பாததால், தன் சொல் மெய்யாகவேண்டும் என்றே சீண்டினார்: ஆன் லூஷானின் சாங்ஆன் மாளிகையைச் சோதனையிட்டார், அங்கே தங்கியிருந்தவர்களைச் சிறையில் கொன்றார். 755 டிசம்பர் 16 அன்று கலகம், "குவோசோங்கை ஒழிக்கிறேன்" என்ற பெயரில். பத்து நாளில் ஆன் லூஷான் தலை வந்துவிடும் என்றார் இவர்.

பெரிய தப்பு அடுத்தது. சாங்ஆனுக்குப் போகும் வழியைக் காத்த தோங் கணவாயில் அரசுத் தளபதி கெஷு ஹான் அசையாமல் காத்திருந்தது சரியான உத்தி. அந்தப் படை திரும்பித் தன்மேல் பாயும் என்ற பயம் இவருக்கு. வெளியே வந்து சண்டையிடும்படி பேரரசரைக் கொண்டு ஆணைமேல் ஆணை அனுப்ப வைத்தார். படை அழிந்தது, கணவாய் விழுந்தது.

தப்பி ஓடும்போது ஏன் சிச்சுவான்? மாவெய்ல என்ன நடந்தது?

சிச்சுவானின் படை ஆளுநர் இவரே அல்லவா; முன்கூட்டியே அங்கே பொருள் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார். ஜூலை 14 விடியுமுன் புறப்பட்டார்கள். நண்பகல்வரை பேரரசருக்கு உணவில்லை. இவர்தான் கடையில் எள் அப்பம் வாங்கிவந்தார்.

மறுநாள் மாவெய். வீரர்கள் பசியில் கொதித்திருந்தார்கள். திபெத்தியத் தூதர்கள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இவர் குதிரையை மறித்துச் சாப்பாடு கேட்டார்கள். "குவோசோங் அந்நியரோடு சதி செய்கிறான்!" என்று ஒரு குரல். ஓர் அம்பு சேணத்தில் பாய்ந்தது. மேற்கு வாசலுக்குள் ஓடினார். துரத்திப் பிடித்து வெட்டினார்கள். தலை ஈட்டி முனையில் நிலைய வாசலில் நின்றது. குவெய்ஃபெய்யின் உயிர் கேட்கப்பட்டது அதற்குப் பிறகுதான். அண்ணனைக் கொன்றபின் தங்கையை விட்டுவைத்தால் நாளை தங்கள் தலை போகும் என்பது வீரர்களின் கணக்கு.

மகன் சுவானும் அங்கேயே செத்தார். மனைவி பெய் ரோவும் குவோகுவோ சீமாட்டியும் சென்சாங் வரை ஓடி, அவ்வூர் அதிகாரியிடம் பிடிபட்டு மாண்டார்கள். மற்ற மூன்று மகன்களும் தப்பவில்லை.

749-ல காட்டின அந்தக் கருவூலம் கடைசில என்ன ஆச்சு?

ஜூலை 14 காலையில் ஊர்வலம் இடது கருவூலத்தைத் தாண்டிப் போனது. "எதிரிக்காக இதைக் காத்து வைக்கவேண்டாம், கொளுத்திவிடலாம்" என்றார் குவோசோங். பேரரசர் முகம் வாடிப்போய், "வந்தவனுக்கு இது கிடைக்காவிட்டால் மக்களிடம் பிடுங்குவான். இருக்கட்டும்" என்றார். வழியில் ஒரு பாலத்தைக் கடந்ததும் இவர் அந்தப் பாலத்துக்குத் தீ வைக்கச் சொன்னார். பின்னால் தப்பி வருகிறவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்று கேட்ட பேரரசர், அணைத்துவிட்டு வரும்படி அரண்மனை அலுவலர் காவ் லீஷியை நிறுத்திவிட்டுப் போனார்.